கொளப்பாக்கமா பொழிச்சலூரா? ஏர்போர்ட் பரந்தூருக்குப் போயிடும்னு புரோக்கர் சொல்றார், நம்பலாமா?

வீடுதேடி:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ராமாபுரத்துல வாடகைக்கு இருக்கோம். ஆபீஸ் மணப்பாக்கம். சொந்த வீடு தேடி அலைஞ்சு கடைசியில ரெண்டு இடத்துல வந்து நிக்குறோம். ஒண்ணு கொளப்பாக்கத்துல அடுக்குமாடி, புதுசு, இன்னும் பூச்சு வேலை முடியல. இன்னொண்ணு பொழிச்சலூர்ல பழைய தனி வீடு. கிணறு இருக்கு, பின்னாடி முருங்கை மரம் இருக்கு, மாமியாருக்குப் பார்த்ததுமே பிடிச்சுப் போச்சு. விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

பிரச்சினை ஏர்போர்ட். பொழிச்சலூர் வீட்டை ஞாயித்துக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரம்மா காபி போட்டுக் குடுத்து ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க, பெரிசா சத்தம் ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் இவர் மட்டும் ஆபீஸ் விட்டு அந்தப் பக்கம் போனார். ஃபோன்ல என்கிட்ட பேசவே முடியல. ஒண்ணு போய் முடியறதுக்குள்ள அடுத்தது வந்துடுது.

புரோக்கர்கிட்ட சொன்னா சிரிக்கிறார். "பரந்தூர்ல புது ஏர்போர்ட் வந்ததும் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டை மூடிடுவாங்க மேடம். பெங்களூர்ல மூடலையா, ஐதராபாத்ல மூடலையா? அப்புறம் பாருங்க, பொழிச்சலூர் அடுத்த கிண்டி" அப்படிங்கறார். இவரும் பாதி நம்பிட்டார்.

நிஜமாவே மூடுவாங்களா? ஒரு நாள் அமைதி, ஒரு நாள் இடி, இது எப்படி? கொளப்பாக்கம் பக்கம் ரெண்டாவது ரன்வே இருக்குன்னு சொல்றாங்க, அங்க சத்தம் எப்படி இருக்கும்? அதோட எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ரெண்டு ரன்வே இருந்தும் நம்ம ஊர் ஏன் பெங்களூர், ஐதராபாத்தை விடப் பின்னாடி போச்சு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குரோம்பேட்டைக்காரன்:

மேடம், சத்தம் இருக்கட்டும். தண்ணி வருமான்னு கேட்டீங்களா? 2015 டிசம்பர்ல அடையாறு எங்க வரைக்கும் ஏறுச்சுன்னு அந்தத் தெருவுல பழைய மளிகைக்கடை எதுலயாவது கேளுங்க, சுவத்துல கோடு காட்டுவாங்க. ஏர்போர்ட்டே நாலஞ்சு நாள் மூடிக் கிடந்துச்சு, அரக்கோணம் கடற்படைத் தளத்துலேர்ந்து பயணிகளை ஏத்தி அனுப்பினாங்க. 2023 மிக்ஜாம் புயலுக்கும் ரன்வேல தண்ணி. ஏர்போர்ட்டுக்கே அந்தக் கதின்னா பக்கத்துல இருக்கற நமக்கு?

அப்புறம் நம்ம ஏர்போர்ட்ல விமானச் சத்தத்தை விடக் கண்ணாடி விழுந்த சத்தம்தான் பேமஸ். 2013ல புது டெர்மினல் திறந்தப்புறம் கண்ணாடியும் கூரையும் விழுந்ததைப் பேப்பர்காரங்க எண்ணிக்கிட்டே வந்தாங்க, எண்பதைத் தாண்டுச்சு.

ஏப்ரன் தாத்தா:

வீடுதேடி அம்மாவுக்கு. நான் ஏர்போர்ட்ல கிரவுண்ட் ஹேண்ட்லிங்ல இருந்து ரிட்டயர் ஆனவன். பெட்டி ஏத்தி ஆரம்பிச்சு, கடைசியில ஏப்ரன்ல ஷிப்ட் பார்த்தேன். ஏப்ரன்னா சமையல்கட்டுல கட்டறது இல்ல, விமானம் நிக்கற சிமெண்ட் தளம். வீடு பழைய பல்லாவரம். எங்க காலத்து ஆளுங்க யாரும் ஓடுபாதைக்கு நேர்ல வீடு வாங்கலை, அதையும் கவனிச்சுக்கோங்க.

புரோக்கருக்கு முதல் பதில். மூட மாட்டாங்க. பெங்களூர்ல எச்.ஏ.எல். ஏர்போர்ட்டையும் ஐதராபாத்ல பேகம்பேட்டையும் 2008ல பயணிகள் விமானத்துக்கு நிறுத்தினது நிஜம். ஆனா அதுக்குக் காரணம் ஒப்பந்தம். புது ஏர்போர்ட் கட்டின தனியார் கம்பெனிங்க, 150 கிலோமீட்டருக்குள்ள வேற ஏர்போர்ட் போட்டிக்கு வரக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. போட்ட காசை எடுக்கணும்ல. சென்னை கதை வேற. மீனம்பாக்கம் இன்னிக்கும் விமான நிலைய ஆணையம் நேரா நடத்தற இடம், 2006ல டெல்லியும் மும்பையும் தனியாருக்குப் போனப்பவும் இது போகலை. பரந்தூர் வந்தாலும் ரெண்டும் ஓடும்னுதான் அரசாங்கமே சொல்லுது. மூடப்போற இடத்துல 1,260 கோடி ரூபாய்க்கு புது டி2, அதாவது ரெண்டாவது டெர்மினல், கட்டி 2023 ஏப்ரல்ல பிரதமரைக் கூப்பிட்டுத் திறப்பாங்களா? மெட்ரோ வந்தாச்சு, ஆறு மாடி கார் பார்க்கிங்கும் சினிமா தியேட்டரும் வந்தாச்சு. இதையெல்லாம் விட்டுட்டு யாரும் போக மாட்டாங்க.

இப்போ பின்னாடி போன கதை. இதைத்தான் நான் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா எல்லாரும் டெர்மினலைப் பார்த்தே பேசுறாங்க. கண்ணாடி நல்லா இருக்கா, கழிவறை சுத்தமா, டாக்ஸி பிடிக்க எவ்வளவு தூரம் நடக்கணும்னு. ஏர்போர்ட்டோட அளவைத் தீர்மானிக்கிறது டெர்மினல் இல்லம்மா, பின்னாடி இருக்கற தரை. எவ்வளவு பெரிய கட்டடம் கட்டினாலும் ஒரு மணி நேரத்துல எத்தனை விமானம் இறங்கி ஏறும்ங்கறது ஓடுபாதை கையில இருக்கு, எத்தனை நிறுத்தலாம்ங்கறது பே, அதாவது ஏப்ரன்ல ஒரு விமானம் நிக்கற இடம், அது கையில இருக்கு.

மீனம்பாக்கத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு மனசுக்குள்ள வாங்க. தெற்கேயும் கிழக்கேயும் ஜி.எஸ்.டி. ரோடு, அதை ஒட்டி ரயில்பாதை, அதுக்கு அந்தப் பக்கம் திரிசூலம் மலை. வடகிழக்குல மீனம்பாக்கம், ஆலந்தூர், பரங்கிமலை, ராணுவத்து இடம். வடக்கே அடையாறு. மேற்கே பொழிச்சலூர், கௌல் பஜார், அனகாபுத்தூர்னு வீடு வீடா. மொத்தம் 1,300 ஏக்கர் சொச்சம். பெங்களூர் தேவனஹள்ளி 4,000 ஏக்கர், ஐதராபாத் ஷம்ஷாபாத் 5,500 ஏக்கர் கிட்ட. அங்க காலி நிலத்துல கோடு போட்டுக் கட்டினாங்க. இங்க 1932ல டாடா தபால் விமானம் மெட்ராஸ் வந்த காலத்துல போட்ட மைதானம், ஊர் வந்து அதைச் சுத்தி உக்காந்துடுச்சு. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இப்போ கார்கோ இருக்கற பக்கம்தான் டெர்மினல். கீழக்கரையிலேர்ந்து ஒருத்தர் துபாய் போனா வழியனுப்ப ஒரு வேன் ஆள் வருவாங்க, மாலையும் கையுமா. 1985ல உள்நாட்டு முனையம் திரிசூலம் பக்கம் போச்சு, 1989ல பன்னாட்டு முனையமும் அங்க வந்துச்சு. கட்டடம் மாறிக்கிட்டே இருந்துச்சு, ஓடுபாதை அதே இடம்தான்.

ரெண்டு ஓடுபாதை இருக்கேன்னு கேட்டீங்க. இருக்கு. ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டுது. மெயின் ஓடுபாதை 3,658 மீட்டர், கிழக்கு மேற்கா. ரெண்டாவது அதை விடச் சின்னது, வடமேற்கு தென்கிழக்கா. ஒண்ணுல விமானம் ஓடிக்கிட்டிருக்கும்போது இன்னொண்ணுல இருக்கறது அது சந்திப்பைத் தாண்டற வரைக்கும் காத்திருக்கணும். கத்திப்பாராவுல பண்ண மாதிரி மேல ஒரு பாலம் போட்டுப் பிரிக்க முடியாது. டெல்லி, பெங்களூர், ஐதராபாத்ல எல்லாம் பாதைங்க பக்கத்துப் பக்கத்துல இணையா போகும். ஐதராபாத்துல ரெண்டாவது பாதை சின்னதா இருந்தாலும் மெயினை வெட்டாது.

இங்கேயும் இணையா ஒண்ணு போடலாம்னு யோசிக்காம இல்ல. 2007 வாக்கில அதுக்குத் திட்டம் இருந்துச்சு. மணப்பாக்கம், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம், தரப்பாக்கம் பக்கம் நிலம் எடுக்கணும்னாங்க. நீங்க இன்னிக்கு வீடு பார்க்கிற அதே ஊர்ங்க. சனங்க தெருவுக்கு வந்துட்டாங்க, வராம இருப்பாங்களா. கடைசியில நிலத்தைக் குறைச்சு, ரெண்டாவது ஓடுபாதையை மட்டும் அடையாறு மேல பாலம் போட்டுக் கொளப்பாக்கம் பக்கம் நீட்டினாங்க. ஆத்து மேல ஓடுபாதை. எஞ்சினியருங்க செஞ்ச வேலை அருமையான வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நீட்டினது வெட்டிக்கிற பாதையை. அன்னிக்கு எடுத்த அந்த முடிவோடதான் மீனம்பாக்கத்தோட உச்ச வரம்பு எழுதப்பட்டுச்சுன்னு என் கணக்கு. அதுக்கப்புறம் கட்டின டெர்மினல் எல்லாம் காத்திருக்கறவங்களுக்கு நல்ல நாற்காலி போட்டது.

வானம்பார்த்தவன்:

தாத்தா சார் சொல்றது முக்கால்வாசி சரி. ஆனா "வெட்டிக்கிற பாதை, அதனாலதான்" அப்படின்னு முடிச்சா மும்பையை எங்க வைக்கறது? அங்கேயும் ரெண்டு பாதை, அங்கேயும் குறுக்கே வெட்டுது, சுத்தி குர்லா, அந்தேரி. நிலமும் 1,900 ஏக்கருக்குள்ளதான். இருந்தும் 2023-24ல மும்பை 5.28 கோடி பயணிகளைப் பார்த்துச்சு. அதே வருஷம் சென்னை 2.12 கோடி. பெங்களூர் 3.75 கோடி, ஐதராபாத் 2.5 கோடி. இன்னும் சொல்லணும்னா சென்னை 2018-19லயே 2.25 கோடியைத் தொட்டுடுச்சு. அஞ்சு வருஷம் கழிச்சும் அதுக்குக் கீழே. இடம் நிரம்பி வழிஞ்சு நின்ன மாதிரி தெரியல எனக்கு.

என் பார்வையில ஏர்லைன்ஸ்காரங்க சென்னையைத் தளமா வச்சுக்கலை, அதுதான் பெரிய விஷயம். ஐரோப்பாவுக்கு நேரடியா போகணும்னா லண்டன், பிராங்க்பர்ட்னு விரல் விட்டு எண்ணிடலாம். மத்தவங்க எல்லாம் துபாய், தோகா, அபுதாபி, இல்லைன்னா சிங்கப்பூர், கொழும்பு போய் மாறுறாங்க. 2008க்கு முன்னாடி சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அங்க ஐ.டி. வளர்ந்துச்சு, ஏர்போர்ட் கம்பெனி ஏர்லைன்ஸ் வாசல்ல போய் நின்னு கூப்பிட்டுச்சு. இங்க யார் போய் நின்னாங்க?

சத்தம் விஷயம் நான் சொல்றேன், ஏன்னா நான் வேலி ஓரமா கேமராவோட நிக்கறவன். ஓடுபாதைக்குப் பேரே திசைதான். 07னா திசைமானியில 70 டிகிரி, அதாவது கடலைப் பார்த்து. 25னா 250 டிகிரி, அதே பாதையோட மறுமுனை, மேற்கைப் பார்த்து. விமானம் எதிர்க்காத்துலதான் இறங்கும், ஏறும். வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கிற அக்டோபர்லேர்ந்து 07தான் அதிகம். அப்போ எல்லாம் அனகாபுத்தூர், பொழிச்சலூர் மேல தாழ்வா, சக்கரத்தை நீட்டிக்கிட்டு இறங்கும். கிண்டி பக்கமா ஏறிப் போகும். கோடையில மேற்குக்காத்து வந்தா 25. அடையாறு, கிண்டி, ஆலந்தூர் மேல இறங்கி, பொழிச்சலூர் மேல ஏறும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வந்தா அதே நாள்ல திருப்பிடுவாங்க.

அதனால பொழிச்சலூருக்கு எந்தக் காத்து அடிச்சாலும் விடிவு இல்ல மேடம். இறங்கறப்ப ஒரு மாதிரி சத்தம், ஏறறப்ப வேற மாதிரி. நீங்க போன ஞாயிறு மத்தியானம் கூட்டம் குறைஞ்ச நேரம், அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர் போனது பீக்ல.

ஏப்ரன் தாத்தா:

வானம்பார்த்தவன் தம்பி, மும்பையை இழுத்தது நல்லது. பதில் சொல்றேன்.

ரெண்டும் வெட்டிக்கறதால மும்பைக்காரன் ஒரு நேரத்துக்கு ஒரு பாதையைத்தான் ஓட்டுறான், அந்த ஒண்ணைப் பிழிஞ்சு எடுக்கிறான். மணிக்கு 46 அசைவு வரைக்கும் ஓட்டினவங்க. ஒரு விமானம் இறங்கினா ஒரு அசைவு, ஏறினா ஒரு அசைவு. அதுக்கு முக்கியமா வேணுங்கறது இறங்கின விமானம் சட்டுனு பாதையை விட்டு வெளியே வர்ற சாய்வான வழி. வேகமா திரும்பி வெளியே வந்துடும், அடுத்தது இறங்கலாம். நேர்க்கோணத்துல இருக்கற பழைய வழின்னா விமானம் நடைவேகத்துக்கு வரணும், அதுவரைக்கும் பின்னால வர்றது வானத்துல சுத்தணும். சென்னையில இந்தச் சாய்வு வழிங்களை, டாக்ஸிவேன்னு சொல்வோம், மெதுவாத்தான் சேர்த்தாங்க. கண்ணாடிக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்ட வர்றவங்க டாக்ஸிவேக்கு ரிப்பன் வெட்ட வர மாட்டாங்க தம்பி.

இன்னொண்ணு கலவை. சேலம், தூத்துக்குடி, திருச்சின்னு நம்ம பக்கத்து ஊருக்கெல்லாம் ஏ.டி.ஆர். விமானம் நிறைய. இறக்கையில காத்தாடி சுத்தற சின்ன வண்டி. அது மெதுவா வரும், பின்னாடி வர்ற ஜெட்டுக்கு இடைவெளி கூடும். உள்ள ரெண்டு நடைவழி இருக்கற ஒரு பெரிய விமானத்துக்குப் பின்னாடி அந்தச் சின்னது வந்தா, முன்னது கிளப்பிவிட்ட காத்துச்சுழல் அடங்கற வரைக்கும் தள்ளி வரணும். அந்த இடைவெளி ஒவ்வொண்ணும் இன்னொரு விமானம் இறங்கியிருக்க வேண்டிய நேரம், வீணாப் போனது. மும்பையில ஏ.டி.ஆர். குறைவு, ஒவ்வொரு விமானத்துலயும் ஆள் அதிகம். அசைவு கணக்கும் ஆள் கணக்கும் ஒண்ணு இல்ல.

அதோட மும்பையும் முட்டிக்கிட்டுத்தான் நவி மும்பையில ரெண்டாவது கட்டுச்சு, 2025 அக்டோபர்ல திறந்தாங்க. பிழியறதுக்கும் ஒரு எல்லை இருக்கு.

ஏர்லைன்ஸ்காரன் வரலைங்கறதை ஒத்துக்கறேன். ஆனா ஏன் வரலைன்னு ஏப்ரன்ல நின்னு பார்த்தவனைக் கேளு. ஒரு கம்பெனி ஒரு ஊரைத் தளமா வச்சுக்கணும்னா ராத்திரி பத்து இருபது விமானத்தை அங்க படுக்க வைக்கணும், காலையில 5 மணிக்கு எல்லாத்தையும் வரிசையா கிளப்பணும். அதுக்கு பே வேணும். ராத்திரி 12லேர்ந்து விடியக்காலம் 4 வரைக்கும் நம்ம ஊர்ல வளைகுடா, ஐரோப்பா, சிங்கப்பூர் வண்டிங்க வந்து போற நேரம். அதே நேரத்துல உள்நாட்டு வண்டிங்க படுத்துக் கிடக்கும். ஒரு ராத்திரி ஷிப்ட்ல ஒரு விமானம் லேட்டானா அதுக்காக ஒதுக்கின பேல வேறது நிக்கும், அதை இழுத்து ரிமோட் பேல விடணும், அங்கிருந்து பயணிங்களை பஸ்ல கொண்டு வரணும், ரெண்டு டிராக்டர்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கத்திக்கிட்டு நிப்பாங்க. ஏ320 ஜெட் ஒண்ணு வந்து நின்னா 35 நிமிஷத்துல ஆளை இறக்கி, பெட்டியை இறக்கி, சுத்தம் பண்ணி, எண்ணெய் ஊத்தி, மறுபடி ஏத்தி, பின்னுக்குத் தள்ளி விடணும். இடம் இருந்தா அது நடக்கும். இல்லைன்னா 35 நிமிஷம் 50 ஆகும், அந்த 15 நிமிஷம் நாள் முழுக்க அந்த விமானத்தைத் துரத்தும்.

வீடுதேடி அம்மா, அந்த ராத்திரிக் கணக்கை நீங்க எழுதி வச்சுக்கணும். வீடு பார்க்கப் போறவங்க பகல்ல போறாங்க. பெரிய வண்டிங்க ராத்திரியிலதான், அதுவும் முழு எரிபொருளோட பாரமா கிளம்பும், மெதுவா உயரம் ஏறும். வீட்டுக்காரரை ராத்திரி 2 மணிக்கு அந்தத் தெருவுல போய் நிக்கச் சொல்லுங்க. போலீஸ் கேட்டா ஏப்ரன் தாத்தா சொன்னார்னு சொல்லட்டும்.

கொளப்பாக்கம் பத்திக் கேட்டீங்க. ரெண்டாவது ஓடுபாதையோட வடமேற்கு முனை அந்தப் பக்கம்தான். தினசரி போக்குவரத்துல பெரும்பங்கு மெயின் பாதையிலதான் போகுது, அதனால பொழிச்சலூரை விட அமைதி. மெயின் பாதையைப் பராமரிப்புக்கு மூடினா மட்டும் பாரம் இந்தப் பக்கம் வரும். ஆனா கொளப்பாக்கத்துல கேக்க வேண்டியது உயரம். அந்த ஓடுபாதைக்கு நேர்ல தடையா இருக்குன்னு கட்டடம், மொபைல் டவர் எல்லாத்தையும் கணக்கெடுத்தது பேப்பர்ல வந்த விஷயம். பில்டர்கிட்ட விமான நிலைய ஆணையத்தோட உயரத்துக்கான என்.ஓ.சி.யை, அதாவது தடையில்லாச் சான்றைக், கையில வாங்கிப் பாருங்க. அதுல உயரம் தரையிலேர்ந்து இருக்காது, கடல் மட்டத்துலேர்ந்து இருக்கும். உங்க மனைத் தரை மட்டத்தைக் கழிச்சாத்தான் கட்டடத்துக்கு எவ்வளவுன்னு தெரியும். மாடியில வர்ற லிப்ட் ரூம், தண்ணித் தொட்டி, ஆன்டெனா எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். "என்.ஓ.சி. இருக்கு மேடம்"னு வாயால சொன்னா நம்பாதீங்க, நம்பரைக் கேளுங்க, தேதியைக் கேளுங்க. அதுக்குக் காலாவதி உண்டு.

ஏரிக்கரை:

பரந்தூர் பேர் அடிபடுது, அதனால எழுதறேன். எங்க அம்மா ஊர் ஏகனாபுரத்துக்குப் பக்கம். 2022 ஆகஸ்ட்ல அறிவிப்பு வந்துச்சு. படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர்னு நாலு இடம் பார்த்து, கடைசியில இங்க வந்து நின்னுச்சு. 5,000 ஏக்கருக்கு மேல வேணும்ங்கறாங்க. அது காலி நிலம் இல்லைங்க. ஏரி, தாங்கல், அதுக்கு வர்ற கால்வாய், அதுக்குக் கீழ நெல்லு. ஏகனாபுரத்துல ராத்திரி வயல் வேலை முடிச்சு வந்து கூடி உக்காந்து போராடினாங்க, கிராமசபையில தீர்மானம் மேல தீர்மானம் போட்டாங்க. பொம்பளைங்கதான் முன்னாடி.

2025 ஏப்ரல்ல மத்திய அரசோட கொள்கை அளவு ஒப்புதல் வந்துச்சு. சில பேர் பத்திரம் எழுதிக் குடுத்துட்டாங்க, சில பேர் குடுக்கலை. ஒரே குடும்பத்துல அண்ணன் குடுத்து தம்பி குடுக்காத வீடு எல்லாம் இருக்கு, பொங்கலுக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறது இல்ல.

தாத்தா ஐயா, நீங்க எழுதினதுல ஒரு இடம் எனக்கு நெருடுச்சு. 2007ல மணப்பாக்கம், கொளப்பாக்கம் சனங்க தெருவுக்கு வந்தாங்க, நிலத்தைக் குறைச்சாங்கன்னு சொன்னீங்க. நகரத்து ஓரம் இருந்ததால அது நடந்துச்சு. அந்த ஓடுபாதைதான் இப்போ சென்னையோட நடுவுலேர்ந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி எங்க ஏரிக்குள்ள வந்து விழுது. நகரம் வளரணும்னா நிலம் வேணும்தான், ஒத்துக்கறேன். எப்பவும் யாரோட நிலம்ங்கறதுதான் கேள்வி.

வீடு வாங்கற அம்மாவுக்கு ஒண்ணு மட்டும். நிலமே இன்னும் முழுசா கைக்கு வரலை. பரந்தூரை நம்பி அடுத்த வருஷம் பொழிச்சலூர்ல அமைதி வரும்னு எவனாவது சொன்னா, அவன்கிட்ட வீடு வாங்காதீங்க.

ஏப்ரன் தாத்தா:

ஏரிக்கரை, நீங்க சொன்னது நியாயம். நான் ஓடுபாதைப் பக்கம் நின்னு பார்த்தேன், நீங்க வயல் பக்கம் நின்னு பார்க்கறீங்க. ரெண்டாவது ஏர்போர்ட் இந்த ஊருக்கு வேணும்ங்கறதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா 1990கள்லயே ஸ்ரீபெரும்புதூர் பக்கம்னு பேச ஆரம்பிச்சு, பேசிப் பேசியே விட்டாங்க. அன்னிக்கே எடுத்திருந்தா இவ்வளவு வீடும் இவ்வளவு பகையும் வந்திருக்காதுன்னு தோணுது. அதுக்கு மேல சொல்ல எனக்குத் தகுதி இல்ல, என் நிலம் போகலை.

வானம்பார்த்தவன்:

சார், டாக்ஸிவே ரிப்பன் வரி அட்டகாசம். ஆனா ஏர்லைன்ஸ் விஷயத்துல நான் இன்னும் மசியலை. பே இல்லாத காலத்துலயும் கூவிக் கூப்பிட்டிருக்கலாம். பழைய டி3யை இடிச்ச இடத்துல அடுத்த கட்டம் வந்து மொத்தக் கொள்ளளவு மூணரைக் கோடின்னு சொல்றாங்க. அது முடிஞ்சும் எண்ணிக்கை நகரலைன்னா அப்போ உங்ககிட்ட வந்து நிப்பேன்.

ஏப்ரன் தாத்தா:

வா தம்பி, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில காலையில இருப்பேன். அங்கேயே சண்டை போடலாம்.

வீடுதேடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவரை ராத்திரி 2 மணிக்கு அனுப்பறதா இருந்தேன், நானும் கூடப் போனேன். பொழிச்சலூர் தெரு முனையில வண்டியை நிறுத்திட்டு நின்னோம். மூணு விமானத்துக்கு மேல நிக்க முடியல. மாமியார்கிட்ட முருங்கை மரத்தைத் தொட்டியில வளர்க்க முடியுமான்னு பேசிட்டிருக்கோம்.

கொளப்பாக்கம் பில்டர்கிட்ட என்.ஓ.சி. நம்பர் கேட்டேன். முதல்ல "ஃபைல்ல இருக்கு"ன்னார், விடாமக் கேட்டதும் நகல் அனுப்பினார். உயரம் கடல் மட்டத்துலேர்ந்துதான் போட்டிருக்கு, தாத்தா சொன்ன மாதிரியே. ஒரு எஞ்சினியரை வச்சு தரை மட்டத்தை அளக்கச் சொல்லியிருக்கோம். வெள்ளம் எதுவரைக்கும் ஏறுச்சுன்னும் விசாரிச்சாச்சு, அந்தத் தெருவுல முட்டி அளவு வந்ததாம், நாங்க பார்க்கறது மூணாவது மாடி, ஆனா கார் நிறுத்தறது கீழதான்.

கடைசியா ஒரு கேள்வி. கொளப்பாக்கத்துல இன்னொரு தடவை சத்தம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முன்பணம் குடுக்கலாம்னு இருக்கோம். பொங்கலுக்கு நாலு நாள் லீவு வருது, முதல் நாள் காலையிலயே போகலாமா?

ஏப்ரன் தாத்தா:

போகி அன்னிக்கு மட்டும் போகாதீங்கம்மா. டயரையும் பழைய பாயையும் கொளுத்தற பொகையில ஓடுபாதையே தெரியாது. 2018 போகிக்கு ஒரு விமானமும் இறங்க முடியாம பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பி விட்டாங்க. ஊரே அமைதியா இருக்கும், அதைக் கேட்டு முன்பணம் குடுத்துடுவீங்க. மாட்டுப் பொங்கல் கழிச்சு, ஒரு வேலை நாள் ராத்திரியில போங்க.